பங்கு பிரித்து விற்ற நாடு: செஷின் முதல் ஷெவியெஷ் வரை ஆறு நாள்

அக்டோபர் 11, சனி: செஷின், கோட்டைக் குன்று

ஒரு சிற்றரசர் குடும்பம் பாகம் பிரித்துத் துண்டு துண்டாக விற்ற நாட்டைச் சுற்றிவந்த குறிப்பு இது. எட்டு டிகிரி குளிர், விடாத தூறல். போலந்தின் தெற்கு ஓரம், செக் எல்லையாக ஓடும் ஓல்ஸா ஆற்றின் கரை. செஷின் கோட்டைக் குன்றுக்கு ஏறும் கல் பாவிய பாதை நனைந்துவிட்டால் சோப்புத் தேய்த்த மாதிரி வழுக்குகிறது. தோல் அடிப்பாகம் வைத்த ஷூவோடு ஏறியவர்கள் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

கையில் போலந்தின் இருபது ஸ்லோட்டி நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். அதில் அச்சாகியிருக்கும் வட்டக் கோயில் இதுதான்: புனித நிக்கோலாஸ் ரொட்டுண்டா, 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம். நோட்டில் கம்பீரமாகத் தெரிவது நேரில் கல்லால் கட்டிய நெற்குதிர் அளவில்தான் இருக்கிறது. ஒரு வட்டம், கிழக்கே ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன அரைவட்டம், அவ்வளவே. ஆனால் சுவர் கனம் அசாத்தியம். உள்ளே மேற்குப் பக்கம் ஒரு மாடம். பூசையின்போது கோட்டைக்காரர் குடும்பம் மேலே நிற்கும், மற்றவர்கள் கீழே. மாடத்துக்குப் போகும் படிக்கட்டைச் சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள்தான் ஏறலாம்; எதிரே யாராவது இறங்கினால் ஒருவர் பின்வாங்க வேண்டும். முதுகுப்பையைக் கீழேயே கழற்றிவிடுவது நல்லது.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் இந்தக் குன்றைப் பூங்காவாக்கியபோது ரொட்டுண்டாவுக்கும் சுண்ணாம்பு பூசி அக்கால மோஸ்தரில் மாற்றிவிட்டார்கள். அந்தப் பூச்சை உரித்துப் பழைய கல்லை வெளியே கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பக்கத்தில் நிற்கும் பியாஸ்ட் கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, 29 மீட்டர். மழைநாளில் மேலே ஏறினால் பாதி ஊர் மேகத்துக்குள். ஆனாலும் ஏறத்தான் வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஊர்தான் என்பது அங்கிருந்து பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

பத்திரம் எழுதுகிறவர் பாஷையில் சொன்னால் இந்தப் பயணத்துக்குத் தாய்ப்பத்திரம் இந்தக் குன்று. 1138இல் போலந்தை ஆண்ட மூன்றாம் போலெஸ்வாஃப் நாட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு இறந்தார். மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கம் அவருடைய பியாஸ்ட் குடும்பத்தில் இல்லை, அதனால் பேரன் கொள்ளுப்பேரன் காலத்திலும் பாகப்பிரிவினை நிற்கவில்லை. 1280களின் தொடக்கத்தில் ஒப்போலே சிற்றரசர் வ்வாதிஸ்வாஃப் இறந்தபோது நான்கு மகன்கள். ஒப்போலே ஒருவருக்கு, பித்தோம் ஒருவருக்கு, ரத்சிபூஷ் ஒருவருக்கு. மியெஷ்கோவுக்கு விழுந்த பங்கு செஷினும் ஓஷ்வியெஞ்சிமும். 1290 முதல் அவர் செஷின் சிற்றரசர். அவருக்குப் பின் இரண்டு மகன்கள்: கஸிமியெஷ் செஷினை எடுத்தார், வ்வாதிஸ்வாஃப் ஓஷ்வியெஞ்சிமை. 1327இல் இரண்டு கிளையும் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரசர் யோஹானுக்குத் தலைவணங்கின. படை வந்து பிடித்த நாடு இல்லை இது. துண்டாகித் துண்டாகிக் கடைசியில் பக்கத்து அரசனிடம் கையெழுத்துப் போட்ட நாடு.

சாப்பாட்டில் செஷினுக்கென்று ஒன்று உண்டு: ஹெர்ரிங் சாண்ட்விச். வெள்ளை ரொட்டித் துண்டு, மேலே மயோனைஸில் பிசைந்த காய்கறி சாலட் (வேகவைத்த உருளை, கேரட், பட்டாணி), அதற்கும் மேலே உப்பிலும் வினிகரிலும் ஊறிய ஹெர்ரிங். நம் சாளை மீனுக்கு அண்ணன் முறை வரும் மீன், பச்சையாக ஊறியது. மேலே மூடுவதற்கு ரொட்டி கிடையாது. ஒன்று ஏழு எட்டு ஸ்லோட்டி (ஒரு ஸ்லோட்டி ஏறக்குறைய 24 ரூபாய்). கடைக்குள் நுழைந்ததும் "ஜென் தோப்ரே" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும். சொல்லாமல் நின்றால் முறைப்பார்கள் என்றில்லை, ஆனால் உங்களைக் கவனிக்க நேரமாகும். வாங்கியதை அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். ஒரு மணி நேரம் பையில் கிடந்தால் சாலட் தண்ணீர் விட்டு ரொட்டி கூழாகிவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு: செஷின், ஆற்றின் இரு கரை

ஞாயிறு போலந்தில் பெரிய கடைகள் திறக்காது. ஆண்டுக்குச் சில ஞாயிறுகள் மட்டும் விலக்கு. பெட்ரோல் பங்க், பேக்கரி, முதலாளியே கல்லாவில் நிற்கும் சின்னக் கடை, இவைதான் கதி. செஷின்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பாலத்தைத் தாண்டி செக் கரைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். காலை பத்து மணிக்கே பாலத்தில் பையோடு வரிசை.

முதலில் புனித மகதலேனா கோயில். முன்பு டொமினிக்கன் துறவிகளுடையது. 1789இல் ஊர் எரிந்தபோது பழைய பங்குக் கோயிலும் (ஊர்க் கிறிஸ்தவர்களுக்குரிய தேவாலயம்) போய்விட, இதுவே பங்குக் கோயிலானது. செஷின் சிற்றரசர்களைப் புதைத்த இடமும் இதுதான். உள்ளே கவச உடையில் படுத்திருக்கும் கல் உருவம் முதலாம் ப்ஷெமிஸ்வாஃபுடையது என்கிறார்கள். ஞாயிறு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் பூசை நடக்கிறது. இரண்டுக்கு நடுவே கிடைப்பது பதினைந்து நிமிடம். பூசை நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் பாட்டிமார் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ப்ஷெமிஸ்வாஃபுக்கு நோஷாக் என்று பட்டப்பெயர். தூக்கிச் செல்லப்படுபவர் என்று அர்த்தம் சொல்கிறார்கள். முடக்குவாதம் வந்து நடக்க முடியாமல் பல்லக்கில் போனாராம். 1358 முதல் 1410 வரை ஐம்பத்திரண்டு வருடம் ஆண்டார். கைப்பிடி நாட்டை வைத்துக்கொண்டு பெரிய இடத்தில் பெயர் வாங்கியவர் அந்தக் குடும்பத்தில் இவர் ஒருவர்தான். பேரரசர் நான்காம் கார்ல், அவர் மகன் வென்ஸஸ்லாஸ் இருவருக்கும் தூது போனார். 1381இல் பொஹீமியாவின் ஆன் இளவரசிக்கும் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்கும் கல்யாணம் பேசி முடிக்க லண்டன் போன தூதுக்குழுவின் தலைவர் இந்த செஷின்காரர்தான். நிலம் சுருங்கின சிற்றரசன் பிழைக்கும் வழி அது: பெரிய அரசனுக்கு நம்பிக்கையான ஆளாக இருப்பது.

கோயிலிலிருந்து சற்று இறங்கினால் மூன்று சகோதரர் கிணறு. போல்கோ, லெஷ்கோ, செஷ்கோ என்ற மூன்று அண்ணன் தம்பிகள் 810இல் இங்கே சந்தித்து மகிழ்ந்து ஊரைக் கட்டினார்கள் என்பது கதை. வருடத்தை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1910இல் ஊருக்கு 1100 வயது என்று விழாவே எடுத்துவிட்டார்கள். பங்கு பிரித்தே பாழான குடும்பத்தின் தலைநகருக்கு, சேர்ந்து மகிழ்ந்த சகோதரர்கள் கதை! கிணற்றுக்கு மேல் இருக்கும் வார்ப்பிரும்பு மண்டபம் 19ஆம் நூற்றாண்டு வேலை. தண்ணீர் குடிக்கக் கிடைக்காது, படம் எடுக்கலாம்.

மதியம் பாலம் தாண்டினால் செஸ்கி தெஷீன். 1653இல் கடைசிச் சிற்றரசி எல்ஷ்பியெதா லுக்ரெத்ஸியா இறந்ததும் செஷின் நேராக ஹாப்ஸ்பர்க் கைக்குப் போனது. முதல் உலகப் போரில் ஹாப்ஸ்பர்க் ஆட்சி வீழ்ந்தபின், 1920 ஜூலை 28இல் வல்லரசுத் தூதர்கள் கூடி நாட்டையும் ஊரையும் ஆற்றோடு இரண்டாக வெட்டினார்கள். கோட்டை, சந்தைச் சதுக்கம், பழைய கோயில்கள் போலந்துக்கு. ரயில் நிலையமும் மேற்குப் புறநகரும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. 1911 முதல் இரு கரையையும் இணைத்து ஓடிய டிராம் 1921இல் நின்றே போனது. இன்றும் பெரிய ரயில் நிலையம் செக் பக்கம்தான். ப்ராக்கிலிருந்து வருபவர்கள் அங்கே இறங்கிப் பாலத்தை நடந்தே கடக்கிறார்கள், பத்துப் பதினைந்து நிமிடம். 2007 டிசம்பரிலிருந்து பாலத்தில் வழக்கமான சோதனை இல்லை என்றாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

செக் கரையில் கோஃபோலா குடித்துப் பார்க்கலாம். 1960களில் கோலாவுக்குப் பதிலாக அங்கே வந்த பானம். மூலிகைக் கஷாயத்தில் சர்க்கரை போட்ட ருசி. மிளகுரசம் பழகின நாக்குக்குப் பிடிக்கும், கோலா எதிர்பார்த்த நாக்குக்குப் பிடிக்காது. காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலத்தருகே பல கடைகள் ஸ்லோட்டியையும் வாங்கும், ஆனால் மாற்று விகிதம் கடைக்காரர் இஷ்டம். கார்டில் கொடுத்தால் மிச்சம்.

அக்டோபர் 13, திங்கள்: பியெல்ஸ்கோ

அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை. மழையும் விடவில்லை. பியெல்ஸ்கோவுக்கு இடம் மாறியதைத் தவிர இன்று வேறு வேலை இல்லை.

இதுவும் செஷின் நாட்டின் ஒரு துண்டுதான். 16ஆம் நூற்றாண்டில் சிற்றரசர் மூன்றாம் வாத்ஸ்வாஃப் ஆடம் தன் மகன் ஃப்ரிதெரிக் கஸிமியெஷுக்கு ஃப்ரிஷ்டாட், பியெல்ஸ்கோ பகுதிகளைக் கொடுத்துவைத்திருந்தார். மகன் செலவாளி. 1571இல் தகப்பனுக்கு முன்பே செத்தான். கடனெல்லாம் தகப்பன் தலையில். 1572இல் பியெல்ஸ்கோவை ப்ரோம்னிட்ஸ் குடும்பத்துக்கு விற்றுத்தான் கடன்காரர்களைச் சமாளித்தார். அன்றைக்குப் பிரிந்த பியெல்ஸ்கோ செஷினோடு திரும்பச் சேரவே இல்லை. பிள்ளை பட்ட கடனுக்குப் பூர்வீகத்தை விற்ற கதை, ஊர் பெயர் மட்டும்தான் வேறு.

அக்டோபர் 14, செவ்வாய்: ஓஷ்வியெஞ்சிம்

காலை பஸ் வரவில்லை. தாமதம்கூட இல்லை, அன்றைக்கு அந்த பஸ்ஸே கிடையாது.

போலந்து பஸ் நிறுத்த அட்டவணையில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி எழுத்து இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுத்தை விட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான். டி என்றால் திங்கள் முதல் வெள்ளி, அரசு விடுமுறை தவிர. இ என்றால் சனியும் உண்டு, ஞாயிறு இல்லை. எஸ் என்றால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும். இங்கேதான் சிக்கல். அக்டோபர் 14 போலந்தில் ஆசிரியர் நாள். அரசு விடுமுறை இல்லை. அலுவலகம், கடை எல்லாம் திறந்திருக்கும். ஆனால் பள்ளியில் வகுப்பு இல்லை, எனவே எஸ் வண்டி இல்லை. நாட்காட்டியில் சிவப்பு மையே இருக்காது, வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? எழுத்துகளுக்கான விளக்கம் அட்டவணையின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும், அதுவும் போலிஷில் மட்டும். நாற்பது நிமிடம் கழித்து அந்த வழியே வந்த ஒரு அம்மாள் கண்ணாடியைத் தட்டி அந்த எழுத்தைக் காட்டினார். "ஷ்கோவா" (பள்ளி) என்றார், கையை விரித்தார், பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் செஹோவித்செ போய் ரயில் மாறி வர வேண்டியதாயிற்று, மதியம் ஆகிவிட்டது.

ஓஷ்வியெஞ்சிமின் ஜெர்மன் பெயர் ஆஷ்விட்ஸ். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் வதைமுகாம் நினைவிடத்துக்குத்தான் போகிறார்கள், போகவும் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு முழு நாள் வையுங்கள், இன்னொரு இடத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் சொந்தப் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். நுழைவு இலவசம், வழிகாட்டிக்குக் கட்டணம், பெரிய பை உள்ளே விடமாட்டார்கள். இந்தக் குறிப்பு ஆற்றுக்கு மறுகரையில், ஸோவா ஆற்றின் மேட்டில் இருக்கும் பழைய ஊரைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தக் கரைக்கு வருவதாகத் தெரியவில்லை.

மேட்டின் நுனியில் கோட்டை. அதில் பழையது 13ஆம் நூற்றாண்டுக் கோபுரம். கோபுரத்தின் கீழ்ப்பகுதிக் கல்லையும் மேலே வரும் செங்கல்லையும் கையால் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அருங்காட்சியகம் சின்னது, ஒரு மணி நேரம் போதும்.

இங்கே நடந்தது பெரிய கிரயம். 1434இல் ஓஷ்வியெஞ்சிம் சிற்றரசர் கஸிமியெஷ் இறந்தார், மூன்று மகன்கள். 1445இல் பாகம் பிரித்தார்கள்: வாத்ஸ்வாஃபுக்கு ஸாட்டோர், ப்ஷெமிஸ்வாஃபுக்குத் தோஷெக், யானுக்கு ஓஷ்வியெஞ்சிம். ஒரு பகல் நடந்தால் எல்லை வந்துவிடும் அளவு நாடு. அதில் வரும் வரியில் கோட்டை, படை, சிற்றரசன் அந்தஸ்து மூன்றையும் காப்பாற்ற முடியாது. யானின் ஆட்கள் போலந்தின் அன்றைய தலைநகர் கிராக்கூவ் பக்கம் போய்க் கொள்ளையடித்தார்கள். 1453இல் போலந்துப் படை வந்து கோட்டையை வளைத்தது. மறுவருடம் யான் போலந்து அரசருக்குப் பணிந்தார். 1457இல் நாட்டையே அரசர் நான்காம் கஸிமியெஷுக்கு விற்றுவிட்டு கிளிவிட்ஸே போய்ச் சேர்ந்தார்.

விலை 50,000 கிரிவ்னா ப்ராக் கிரோஷன். கிரிவ்னா நாணயம் இல்லை, கணக்கு அளவு. 48 கிரோஷன் சேர்ந்தது ஒரு கிரிவ்னா. அப்படியானால் 24 லட்சம் வெள்ளிக் காசு. ஒரு காசு இரண்டரை கிராம் என்று குறைத்து வைத்தாலும் ஆறு டன் எடை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் காலத்துக் கஜானா வண்டிகளுக்கு ஏன் அத்தனை காவல் என்பது உறைக்கிறது.

வில்லங்கம் அதோடு தீரவில்லை. 1564இல்தான் ஓஷ்வியெஞ்சிமும் ஸாட்டோரும் போலந்து அரசோடு முறைப்படி இணைக்கப்பட்டன. அதற்குள் நூறு வருடம் ஓடிவிட்டது. 1772இல் போலந்தின் முதல் பிரிவினையில் ஆஸ்திரியா இந்தப் பகுதியை எடுத்தது. ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் நீண்ட பட்டப்பெயர் வரிசையில் 'ஆஷ்விட்ஸ், ஸாட்டோர் சிற்றரசர்' என்பது 1918 வரை இருந்தது. பொஹீமியாவுக்குப் பழைய நாளில் பணிந்த மண் என்ற கணக்கில் 19ஆம் நூற்றாண்டில் சில காலம் இந்த மூலை மட்டும் ஜெர்மன் கூட்டமைப்புக்குள்ளும் இருந்தது.

அக்டோபர் 15, புதன்: ஸாட்டோர்

மழை விட்டு வெயில், பன்னிரண்டு டிகிரி. ஓஷ்வியெஞ்சிமிலிருந்து கிராக்கூவ் போகும் ரயிலில் கொஞ்ச நேரம்தான். பிள்ளைகளோடு ஏறினவர்கள் எல்லாம் கேளிக்கைப் பூங்காவுக்கு.

ஸாட்டோர் தனி நாடாக இருந்தது ஐம்பதே வருடம். 1445இல் பிரிந்தது, 1456இல் போலந்துக்குப் பணிந்தது, 1494இல் கடைசிச் சிற்றரசர் ஐந்தாம் யான் 80,000 ஃப்ளோரினுக்கு (அக்காலப் பணம்) அரசர் யான் ஓல்பிரக்டிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தப் பத்திரத்தில் ஒரு நுட்பம் உண்டு. விற்றவர் சாகும்வரை அங்கேயே இருந்து ஆளலாம், ஆண்டுக்கு ஒரு தொகையும் வரும். நம் ஊரில் ஆயுள்கால அனுபவ உரிமை என்று எழுதுவதுதான். வாரிசு இல்லாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் 1513இல், பக்கத்து ஸ்பித்கோவிட்ஸே ஊரின் சொந்தக்காரர் வவ்ஷினியெத்ஸ் மிஷ்கோவ்ஸ்கி அவரைக் கொன்றுவிட்டார். காரணம் நிலமோ பெண்ணோ இல்லை, குளத்துத் தண்ணீர். மிஷ்கோவ்ஸ்கியின் மீன்குளத்தைச் சிற்றரசர் திறந்துவிட்டதற்குப் பழி என்று சொல்கிறார்கள்.

குளத்துக்காகக் கொலையா என்று கேட்பவர்கள் அக்டோபரில் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஊரைச் சுற்றிக் குளம் குளமாகக் கெண்டை வளர்க்கிறார்கள், இடைக்காலத்திலிருந்தே. 'ஸாட்டோர் கெண்டை' என்ற பெயருக்கு 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் மூன்று வருடம் வளர்ப்பதை இங்கே இரண்டு வருடத்தில் தட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இலையுதிர் காலம் அறுவடை. குளத்தை ஒரே நாளில் வடிக்கக் கூடாது. மதகில் அடுக்கியிருக்கும் மரப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குளத்தின் அளவைப் பொறுத்துப் பல நாள் வடிக்கிறார்கள். வேகமாகத் திறந்தால் சேறு கலங்கி மீன் மூச்சுமுட்டும், கரையோரச் சகதியில் சிக்கும், கீழே இருப்பவன் வயலும் மூழ்கும். தண்ணீர் இறங்க இறங்க மீன் எல்லாம் மதகருகே வெட்டியிருக்கும் ஆழமான பள்ளத்தில் வந்து கூடும். விடியற்காலைக் குளிரில் அங்கே வலையை வளைத்து இழுக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டால் கூட்டத்தில் பிராணவாயு போதாது. பிடித்ததை நேரே சந்தைக்கு அனுப்புவதும் இல்லை. ஓடும் சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் இரைபோடாமல் சில நாள் விடுகிறார்கள். சேற்று வாடை போவது அதனால்தான். கெண்டை என்றாலே சேறு என்று முகம் சுளிப்பவர்கள் இந்தத் தொட்டியைப் பார்க்காத மீனைத் தின்றவர்கள்.

அடுத்த கவலை முள். கெண்டையின் முதுகுச் சதைக்குள் கவட்டை முள் நிறைய. ஒவ்வொன்றாக எடுக்க முடியாது. அதனால் சதைப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறலாக, தோல் அறுபடாமல் நெருக்கமாகக் கீறிவிடுகிறார்கள். முள் பொடிப்பொடியாக வெட்டுப்பட்டு, எண்ணெயில் மொறுகிவிடும். கீறல் அகலமாகப் போனால் முள் துண்டு நீளமாக நின்று தொண்டையில் குத்தும். உப்பு, வெங்காயத்தோடு ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து, மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மசாலா என்று பார்த்தால் மிளகுப்பொடியோடு சரி. மிளகாய்த்தூள் கேட்ட கை கடித்த முதல் வாயிலேயே கீழே இறங்கிவிட்டது, அவ்வளவு இனிப்பான சதை.

பில் வரும்போதுதான் முழிக்க வேண்டியிருக்கும். மெனுவில் மீனுக்கு எதிரே போட்டிருக்கும் பத்து ஸ்லோட்டிச் சொச்சம் ஒரு தட்டுக்கு இல்லை, நூறு கிராமுக்கு. ஓரமாகப் பொடி எழுத்தில் '100 கிராம்' என்று இருக்கும். பாதி மீன் தட்டில் வந்தால் நானூறு கிராம், நாற்பது ஸ்லோட்டிக்கு மேல். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் தனிக் கணக்கு. ஏமாற்று இல்லை, போலந்தில் மீன்கடை வழக்கமே இதுதான். சொல்லும்போதே 'முந்நூறு கிராம் துண்டு' என்று கேட்டால் எடைபோட்டுத் தருவார்கள்.

சிற்றரசர் கோட்டை இருந்த இடத்தில் இப்போது நிற்பது 19ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் திருத்திக் கட்டிய அரண்மனை. வெளியே சுற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் தாராளம்.

அக்டோபர் 16, வியாழன்: ஷெவியெஷ்

அடர்ந்த பனிமூட்டம், ஐந்து டிகிரி. ஷெவியெஷுக்குப் பயணிகள் ரயில் இல்லை. தொழில் நகரங்களிலிருந்து பஸ் உண்டு. நூறு மீட்டர் தள்ளி நின்றால் கோட்டையே தெரியவில்லை. பக்கத்தில் போனதும் மரப் பாலம், அகழி, வெளிவாசலின் வட்டச் சுவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கறுப்பு ப்ஷெம்ஷா ஆற்றின் சதுப்பு நிலத்தில் கட்டிய கோட்டை. மலை கிடையாது, சேறுதான் அரண். உள்ளே கூரையில்லாத இடிபாடு. காற்றோ பனிக்கட்டியோ இருந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள். இன்று பதினொரு மணிக்குத்தான் திறந்தது.

இந்த நாட்டை 1337இல் செஷின் சிற்றரசர் முதலாம் கஸிமியெஷ் பித்தோம் உறவினரிடமிருந்து வாங்கினார். நூறு வருடம் கழித்து 1443இல் அவர் வழிவந்த முதலாம் வாத்ஸ்வாஃபுக்குப் பண முடை. வாங்கியவர் அரசர் இல்லை, கிராக்கூவ் பிஷப் ஸ்பிக்னியெவ் ஒலெஷ்னிட்ஸ்கி. விலை 6,000 கிரிவ்னா. ஓஷ்வியெஞ்சிம் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அன்றிலிருந்து கிராக்கூவ் பிஷப் யாரோ அவரே ஷெவியெஷ் சிற்றரசர். தனிச் சட்டம், தனி நீதிமன்றம், தனிப் பிரபுக்கள். போலந்து அரசின் கை இதற்குள் நீளாது. மரண தண்டனை உட்பட எல்லாம் பிஷப்பின் பெயரால். "திருடு, கொல்லு, ஆனால் ஷெவியெஷைச் சுற்றிப் போ" என்று போலிஷில் பழமொழியே இருக்கிறது.

போலந்துப் பக்கம் விலைக்குப் போன ஓஷ்வியெஞ்சிம், ஸாட்டோர், ஷெவியெஷ் மூன்றில் நீடித்தது இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற இரண்டும் அரசரிடம் போய் மாவட்டமாகக் கரைந்தன. பிஷப்புக்கு வாரிசு கிடையாது, பாகப்பிரிவினையும் கிடையாது, எனவே நாடு மேலும் துண்டாகவில்லை. 1519இல் கொஜெக்வோவி என்ற பக்கத்து ஊரையும் வாங்கிச் சேர்த்தார்கள். துறவிகள் கையில் சொத்து பெருகத்தான் செய்யும், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. 1790இல் நாடாளுமன்றம் இதைப் போலந்தோடு சேர்த்தது. ஐந்து வருடத்தில் அந்தப் போலந்தே வரைபடத்தில் இல்லை. ஷெவியெஷ் பிரஷ்யாவிடம் போனது. 1807இல் நெப்போலியன் இந்தப் பெயரை எடுத்துத் தன் தளபதி மார்ஷல் லான்னுக்குப் பரிசாகக் கொடுத்தார். கிராக்கூவ் பிஷப்புகளோ பட்டத்தை விடவில்லை. கடைசியாக அதை வைத்திருந்தவர் கர்தினால் ஆடம் ஸ்தெஃபான் ஸப்பியெஹா, 1951இல் இறந்தார்.

சந்தைச் சதுக்கத்தில் ஷூரெக் சூப் பதினெட்டு ஸ்லோட்டி. கம்பு மாவைத் தண்ணீரில் கரைத்து நாலைந்து நாள் புளிக்கவைத்த கரைசல்தான் இதற்கு அடிப்படை. நம் கம்பு இல்லை இது, கோதுமைக்குத் தம்பியான ரை. பூண்டு, அவித்த முட்டை, பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். இறைச்சி வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிப் பயனில்லை, அடிச் சாறே எலும்பில் கொதித்தது. பனியில் நடந்து வந்தவருக்குப் பழைய சோற்று நீராகாரத்தைச் சூடாக்கிக் குடித்த மாதிரி இறங்கும்.

மேசையில் ஒரு பிழையும் நடந்தது. 'ஸைலீசியா (போலந்தின் தென்மேற்கு வட்டாரம்) சாப்பாடு அருமை' என்று சொன்னதும் பரிமாறிய பெண் கரண்டியை நிறுத்திவிட்டார். நிர்வாகக் கணக்கில் ஷெவியெஷ் இன்று ஸைலீசிய மாகாணம்தான். ஆனால் 1443இலிருந்து இந்த ஊர் கிராக்கூவ் பக்கம் சேர்ந்தது, அதனால் இங்கே யாரும் தன்னை ஸைலீசியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. "இங்கே ஸைலீசியா இல்லை" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, ரொட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.

ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்துக்குள் புனித யோவான் கோயில், 12ஆம் நூற்றாண்டு. சதுரமாகச் செதுக்கிய கல், ஒரே கூடம், கிழக்கே அரைவட்டம், சின்னச் சின்ன ஜன்னல். செஷின் ரொட்டுண்டாவுக்குத் தூரத்து உறவு. கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கல்லறையில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பெரியவர், சாவி பங்குக் கோயிலில் இருக்கும் என்றார். நவம்பர் 1 கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்க, அதற்குள் பாதிக் கல்லறைகளைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டார்கள். வாசலில் சாமந்தித் தொட்டி இருபத்தைந்து ஸ்லோட்டி.